பெயரெழுதாத சூரணமும் பேர்ண் மாநிலத்துக் குடும்ப வைத்தியரும்

வாசகி கேள்வி:

வணக்கம் டொக்டர். எனது சொந்த ஊர் களுதாவளை. திருமணத்துக்குப் பிறகு சுவிஸ் வந்து பேர்ண் மாநிலத்தில் வசிக்கிறேன். வயது 54. முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் நின்றபடியே செய்யும் வேலை. நீரிழிவுக்கு மெற்போமினும் உயர் குருதி அமுக்கத்துக்கு ஒரு குளிசையும் எடுத்து வருகிறேன். மூன்று வருடங்களாக இரண்டு முழங்கால்களிலும் வலி. குடும்ப வைத்தியர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, மூட்டுத் தேய்வு என்று சொல்லி வலிக்குளிசை தந்தார். குளிசைக்கு மேல் குளிசை விழுங்கப் பயமாக இருக்கிறது. மாசி மாதம் வேறு நாட்டிலிருந்து வந்த ஒரு நாட்டு வைத்தியர் எங்கள் ஆட்களின் வீடொன்றில் தங்கி, நாடி பார்த்துச் சூரணம் கொடுத்தார். ஒரு கிழமைக்குள் வலி பாதியாகக் குறைந்துவிட்டது. முடிய முடியத் தபாலில் அனுப்புகிறார். நான்கு மாதங்களாக எடுக்கிறேன். என்ன மருந்து என்று கேட்டால் குருவழி வந்தது, சொல்லக் கூடாது என்கிறார். முகமும் பூரித்துத் தேறிவிட்டேன் என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் மூன்று மாதச் சீனி அளவு 7.1 ஆக இருந்தது 8.6 ஆகிவிட்டது. குடும்ப வைத்தியர் என் சாப்பாட்டைக் குறை சொன்னார். கோபிப்பார் என்ற பயத்தில் சூரணத்தைப் பற்றி நான் அவரிடம் சொல்லவில்லை. ஊரிலிருந்து தம்பியும் எண்ணெயும் கசாயச் சரக்கும் அனுப்புகிறார். இங்கே நம்பிக்கையான இயற்கை வைத்தியரை எப்படித் தேடுவது? காப்புறுதி பணம் தருமா? ஆவணியில் ஊருக்கு வரும்போது குளிசைகளை விட்டுவிட்டுப் பத்தியத்தோடு மருந்து எடுக்கலாமா? மகள் ஐந்து மாதக் கர்ப்பிணி. பேற்றுக்குப் பின் அவளுக்கு ஊர் முறைப்படி சரக்குக் கொடுக்கலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் நான்கு கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். அவற்றுக்குப் போவதற்கு முன், நீங்கள் கேளாமலே எழுதிவிட்ட ஒரு விடயத்தைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது, ஏனெனில் அது காத்திருக்கக் கூடியதன்று. பல வருடங்களாக இருந்த மூட்டுத் தேய்வு வலி ஒரு கிழமைக்குள் பாதியாகக் குறைந்தது, முகம் பூரித்தது, சீனி அளவு 7.1 இலிருந்து 8.6 க்கு ஏறியது ஆகிய மூன்றும் ஒரே நான்கு மாதங்களுக்குள், ஒரே சூரணத்துக்குப் பின் நடந்திருக்கின்றன. இவற்றைச் சேர்த்துப் பார்க்கும் எந்த வைத்தியருக்கும், அவர் சித்த வைத்தியராயினும் மேலைத்தேய வைத்தியராயினும், முதலில் எழும் ஐயம் அந்தச் சூரணத்தில் ஸ்ரீரொய்ட் (steroid) என்ற மேலைத்தேய மருந்து கலந்திருக்கிறதா என்பதுதான். மூட்டுவலிக்கென்று பெயர் குறிப்பிடாமல் விற்கப்படும் மூலிகைப் பொடிகளிலும் உருண்டைகளிலும் டெக்ஸாமெதசோன், பிரட்னிசொலோன் போன்ற ஸ்ரீரொய்ட் மருந்துகளோ டைக்ளோஃபெனக் போன்ற வலிமருந்துகளோ அரைத்துக் கலக்கப்பட்டிருப்பது பல நாடுகளின் ஆய்வுகூடங்களில் மீண்டும் மீண்டும் கண்டுபிடிக்கப்பட்ட விடயம். ஸ்ரீரொய்ட் வலியை விரைவாகத் தணிக்கும், பசியைத் தூண்டும், முகத்தைச் சந்திரன் போல உருட்டும், சீனியையும் குருதி அமுக்கத்தையும் ஏற்றும். உங்கள் உறவினர் தேற்றம் என்று மகிழ்ந்தது அந்த வீக்கமாக இருக்கக் கூடும்.

இருக்கக் கூடும் என்றுதான் எழுதுகிறேன். உங்களைப் பாராமல், பொட்டலத்தைச் சோதிக்காமல் உறுதி சொல்ல எவராலும் முடியாது. எனினும் இந்த ஐயம் ஒன்றே, நீங்கள் இதை வாசித்த நாளிலேயே குடும்ப வைத்தியரின் கிளினிக்கைத் தொலைபேசியில் அழைக்கப் போதுமான காரணம். அழைக்கும்போது, நான்கு மாதங்களாகப் பெயர் தெரியாத ஒரு பொடியை எடுத்து வருகிறேன், அதில் ஸ்ரீரொய்ட் இருக்கலாம் என்று ஐயப்படுகிறேன் என்று மட்டும் சொல்லுங்கள். உடனே நேரம் ஒதுக்குவார்கள். அதற்குள் பயத்தினால் சூரணத்தை நீங்களாகவே திடீரென நிறுத்திவிட வேண்டாம். பல வாரங்கள் வெளியிலிருந்து ஸ்ரீரொய்ட் கிடைத்துவரும் உடலில், சிறுநீரகத்துக்கு மேலிருக்கும் சுரப்பிகள் தமக்குரிய சுரப்பைக் குறைத்துக்கொண்டுவிடும். திடீரென நிறுத்தினால் கடும் களைப்பு, வாந்தி, தலைச்சுற்று, குருதி அமுக்க வீழ்ச்சி என்று ஆபத்தான நிலை ஏற்படலாம். நிறுத்துவதா, படிப்படியாகக் குறைப்பதா, வேறு மருந்தால் ஈடுசெய்வதா என்பதைக் காலையில் குருதியில் இருக்கும் கோர்ட்டிசோல் என்ற அந்தச் சுரப்பின் அளவைப் பார்த்துக் குடும்ப வைத்தியர் தீர்மானிப்பார். மயக்கமோ நிற்காத வாந்தியோ வந்தால் அம்புலன்ஸுக்கு 144 ஐ அழையுங்கள். நஞ்சு தொடர்பான சந்தேகங்களுக்கு சுவிஸில் 145 என்ற இலக்கம் இரவு பகலாக இயங்குகிறது. அங்கே பேசுபவர்கள் உங்களை விசாரணை செய்ய மாட்டார்கள், வழிதான் சொல்வார்கள்.

அந்தச் சந்திப்புக்குப் போகும்போது பொட்டலத்தை அப்படியே கொண்டு போங்கள். இத்தகைய பொட்டலங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்: பொலித்தீன் பை, வாயை மெழுகுதிரியில் காட்டி ஒட்டியிருப்பார்கள், மேலே பேனாவால் 'காலை 1 மாலை 1 தேனில்' என்று எழுதியிருக்கும். செய்தவர் பெயரில்லை, சரக்கின் பெயரில்லை, திகதியில்லை, தொகுதி இலக்கமில்லை. விடுமுறையில் ஊருக்கு வந்து என் மேசையில் அப்படியொரு பையை வைத்து, இது நல்லதா டொக்டர் என்று கேட்பவர்களுக்கு, தொட்டும் முகர்ந்தும் நாவில் வைத்தும் பார்த்து, திப்பிலி இருக்கிறது, சுக்கு இருக்கிறது என்று சொல்ல என்னால் முடியும். கலந்த ஸ்ரீரொய்ட் குளிசைக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. ஈயத்துக்கும் அப்படித்தான். பரம்பரையாக எத்தனை தலைமுறை வைத்தியம் பார்த்தவரானாலும் நாக்கு அதைச் சொல்லாது, ஆய்வுகூடந்தான் சொல்லும்.

ஈயம் என்று எழுதியதற்குக் காரணம் உண்டு. எங்கள் சித்த மருத்துவத்தில் பற்பம், செந்தூரம், சுண்ணம், மெழுகு என்று உலோகங்களையும் பாடாணங்கள் என்னும் நச்சுத் தாதுக்களையும் சுத்தி செய்து, புடமிட்டு முடிக்கும் மருந்துகள் இருக்கின்றன. அவற்றை நான் மறுக்கவில்லை, மறைக்கவும் இல்லை. ஆனால் அவை அனுபவமுள்ள வைத்தியரின் நேரடிக் கண்காணிப்பில், குறித்த நாட்களுக்கு, குறித்த அளவில், பத்தியத்தோடு கொடுக்கப்பட வேண்டியவை. தபாலில் வந்து நான்கு மாதங்கள் தொடர்ந்து எடுக்கப்பட வேண்டியவை அல்ல. அமெரிக்காவின் பொஸ்ரன் நகரைச் சூழவுள்ள கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்து 2004 இல் வெளியிட்ட ஆய்வொன்றில், 14 மருந்துகளில் ஈயம், பாதரசம், ஆசனிக்கு ஆகியவற்றில் ஒன்றோ பலவோ இருந்தன. 2008 இல் இணையத்தில் வாங்கிய 193 மருந்துகளைச் சோதித்தபோதும் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கில் அதுவே தெரிந்தது. நியூயோர்க் நகரில் இந்தியாவிலிருந்து வந்த ஆயுர்வேத மருந்துகளை எடுத்த ஆறு கர்ப்பிணிகளின் குருதியில் ஈயம் கூடியிருந்ததை அந்நாட்டுச் சுகாதார நிறுவனம் 2012 இல் அறிவித்தது. ஆகவே குருதிப் பரிசோதனை எழுதும்போது ஈயத்தின் அளவையும் சேர்க்கும்படி கேளுங்கள். காரணமில்லாத வயிற்றுவலி, மலச்சிக்கல், களைப்பு, குருதிச்சோகை ஏதாவது இருந்தால் அதையும் சொல்லுங்கள். ஈயம் தாயிடமிருந்து கருவுக்குச் செல்லும் என்பதால், அந்தப் பொட்டலத்திலிருந்து ஒரு சிட்டிகைகூட மகளின் கைக்குப் போகக் கூடாது. ஏற்கெனவே அவர் எடுத்திருந்தால் அடுத்த பரிசோதனை வரை காத்திராமல் உடனே சொல்ல வேண்டும்.

குடும்ப வைத்தியர் கோபிப்பார் என்று எழுதியிருக்கிறீர்கள். ஒருவேளை முகம் சுளிக்கலாம். ஆனால் இப்போது அவர் கையிலிருக்கும் கணக்கே தவறானது: சீனி ஏறியதற்கு உங்கள் சோற்றைக் குறை சொல்கிறார், அடுத்த முறை மெற்போமினைக் கூட்டுவார், அதற்கடுத்து இன்னொரு குளிசையைச் சேர்ப்பார். குளிசைக்குப் பயந்து நீங்கள் எடுத்த சூரணந்தான் குளிசைகளைக் கூட்டப் போகிறது. மொழி தடையாக இருந்தால் மகளையோ மொழிபெயர்ப்பாளரையோ துணைக்கு அழையுங்கள். சுவிஸ் செஞ்சிலுவைச் சங்கத்தின் மிகேஸ்பிளஸ் தளத்தில் தமிழிலும் சுகாதாரக் கையேடுகள் கிடைக்கின்றன. ஒரு தாளில் நீங்கள் எடுக்கும் எல்லாவற்றையும், மேலே பூசும் எண்ணெய் உட்பட, எழுதிக் கொடுப்பது வாயால் விளக்குவதைவிட இலகு.

இனி நீங்கள் கேட்டவற்றுக்கு வருகிறேன். இயற்கை வைத்தியத்தை அரசியலமைப்பிலேயே எழுதி வைத்திருக்கும் நாடொன்றில் வாழ்ந்துகொண்டு, நீங்கள் அதை ஒரு வீட்டின் பின்னறையில் தேடியிருக்கிறீர்கள் என்பது எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருக்கிறது. 2009 மே 17 இல் சுவிஸ் மக்கள் வாக்களித்து, 67 சதவீத ஆதரவோடு, எல்லா மாநிலங்களின் சம்மதத்தோடு, மேலைத்தேய மருத்துவத்துக்குத் துணையான நிரப்பு மருத்துவத்துக்கு இடமளிக்கும் 118அ பிரிவை அரசியலமைப்பில் சேர்த்தார்கள். அப்பென்செல் அவுஸ்ஸெர்ரோடன் மாநிலம் 1871 இலேயே வைத்தியத் தொழிலைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது; மூலிகை மருந்துகளால் பெயர்பெற்ற அல்பிரெட் வோகல் அங்குள்ள தொய்ஃபன் ஊரில் இருந்தே தம் பணியைச் செய்தார். சுவிஸ்காரருக்குத் தங்கள் பாட்டி வைத்தியம் அந்நியமானதன்று, அதனால் உங்கள் விருப்பத்தை வெளியே சொல்ல நீங்கள் கூச வேண்டியதில்லை.

நடைமுறையில் இரண்டு வழிகள் இருக்கின்றன, இரண்டுக்கும் பணம் வரும் வாய்ப்பு வேறு வேறு. முதலாவது, எம்.டி. பட்டம் பெற்ற வைத்தியரே மூலிகை மருத்துவத்திலோ அக்குபங்சரிலோ சீன மருத்துவத்திலோ ஹோமியோபதியிலோ அந்த்ரோபொசொஃபி மருத்துவத்திலோ மேலதிக தகுதிச் சான்றிதழ் பெற்றுப் பார்ப்பது. 2017 ஓகஸ்ட் 1 முதல் இதை அடிப்படைக் காப்புறுதியே ஏற்கிறது. அடிப்படைக் காப்புறுதி உங்களிடம் கட்டாயம் இருக்கிறது. ஆனால் உங்கள் ஆண்டுத் தொகை, அதாவது நீங்கள் தெரிவுசெய்த 300 முதல் 2500 பிராங்கு வரையான பிரான்சீஸ், முதலில் உங்கள் கையிலிருந்தே போகும். அதன்பின் வரும் செலவிலும் பத்து சதவீதத்தை, ஆண்டுக்கு 700 பிராங்கு வரை, நீங்களே செலுத்த வேண்டும். இன்னொன்றையும் கவனியுங்கள்: மலிவுக்காகக் குடும்ப வைத்தியர் திட்டத்தையோ முதலில் தொலைபேசியில் அழைக்கும் திட்டத்தையோ தெரிவுசெய்திருந்தால், அனுமதி பெறாமல் வேறு வைத்தியரிடம் போனதற்குப் பணம் மறுக்கப்படலாம். எங்கள் ஆட்களில் பலர் இந்தத் திட்டங்களில்தான் இருக்கிறார்கள்.

இரண்டாவது, எம்.டி. அல்லாத இயற்கை வைத்தியர். நத்தூர்ஹைல்பிரக்ரிக்கர் என்ற இந்தத் தொழிலுக்கு 2015 முதல் சமஷ்டி டிப்ளோமா இருக்கிறது. அதில் ஆயுர்வேத மருத்துவம், ஹோமியோபதி, சீன மருத்துவம், ஐரோப்பிய மரபு மருத்துவம் என நான்கு துறைகள் உண்டு. சித்த மருத்துவத்துக்கு அங்கே தனித் துறை இல்லை, எனவே எங்கள் முறைக்கு மிக அருகில் வருவது ஆயுர்வேதத் துறையே. இவர்களுக்கு அடிப்படைக் காப்புறுதி பணம் தராது. மேலதிகக் காப்புறுதிதான் தரும். அதுவும் வைத்தியரின் பெயர் இத்தகைய வைத்தியர்களின் தகுதியைப் பார்த்துப் பதியும் ஈ.எம்.ஆர். அல்லது அஸ்கா பதிவேட்டில் இருந்தாலே பெரும்பாலும் கிடைக்கும். அடிப்படைக் காப்புறுதிக்கு எவரையும் மறுக்க முடியாது, மேலதிகக் காப்புறுதிக்கு மறுக்க முடியும். நீரிழிவு உள்ள 54 வயதானவரின் விண்ணப்பம் நிராகரிக்கப்படக் கூடும் என்பதால், ஏற்கெனவே மேலதிகக் காப்புறுதி வைத்திருந்தால் எக்காரணத்துக்காகவும் அதை அவசரப்பட்டு நிறுத்திவிடாதீர்கள். முதற் சந்திப்புக்கு முன், வைத்தியரின் பெயரையும் அவரது பதிவிலக்கத்தையும் கேட்டு வாங்கி, உங்கள் கிராங்கன்காஸ்ஸவுக்கு, அதாவது மருத்துவக் காப்புறுதி நிறுவனத்துக்கு, அழைத்து, இவருக்கு, இந்த முறைக்கு, ஆண்டுக்கு எவ்வளவு தருவீர்கள் என்று கேட்டு, பதிலை எழுத்தில் பெறுங்கள்.

பதிவேட்டில் பெயர் இருப்பது தகுதிக்கு ஒரு தொடக்கம் மட்டுமே. அதற்குப் பின் நான் பார்க்கச் சொல்வது, அந்த வைத்தியர் உங்களிடம் என்ன கேட்கிறார் என்பதை. நீங்கள் எடுக்கும் குளிசைகளின் பட்டியலை முதலிலேயே கேட்கிறாரா, உங்கள் சீனி அளவையும் சிறுநீரகப் பரிசோதனையையும் பார்க்க விரும்புகிறாரா, தரும் மருந்தின் பெயரையும் அளவையும் எழுதிக் கொடுக்கிறாரா, தேவையானால் உங்கள் குடும்ப வைத்தியருக்குத் தாமே ஒரு கடிதம் எழுதத் தயாராக இருக்கிறாரா? இவற்றுக்கு இணங்காதவர் எவ்வளவு புகழ்பெற்றவராக இருந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள். குருவழி மருந்து, பெயர் சொல்லக் கூடாது என்ற பேச்சை எங்கள் மருத்துவத்தின் பெயரால் ஏற்றுக்கொள்ள வேண்டாம். சித்த மருத்துவம் அகமருந்து முப்பத்திரண்டு, புறமருந்து முப்பத்திரண்டு என்று வகுத்து, ஒவ்வொன்றுக்கும் பெயரும் செய்முறையும் ஆயுட்காலமும் எழுதி வைத்த மருத்துவம். குளிசையை விடு என்பவரையும், முன்கூட்டியே ஆறு மாத மருந்துக்குப் பணம் வாங்குபவரையும் பற்றி நான் அதிகம் எழுதத் தேவையில்லை.

உங்கள் முழங்காலுக்கு முதலில் செய்ய வேண்டியது இவை எதற்கும் முன்னால் உங்கள் கைக்கு எட்டிய இடத்திலேயே இருக்கிறது. தொடைத் தசையை வலுப்படுத்தும் பயிற்சி, மூட்டுத் தேய்வில் வலியைக் குறைப்பதற்கு நன்றாக நிறுவப்பட்ட வழி. குடும்ப வைத்தியரிடம் பிசியோதெரப்பிக்குச் சீட்டுக் கேளுங்கள். ஒரு சீட்டுக்கு ஒன்பது அமர்வுகள் வரை அடிப்படைக் காப்புறுதி ஏற்கும். முழங்கால், இடுப்புத் தேய்வுக்கென்றே விளக்கமும் பயிற்சியும் சேர்த்துக் கற்பிக்கும் கிளாட் என்ற திட்டம் சுவிஸிலும் நடக்கிறது, அதையும் விசாரியுங்கள். நாள் முழுதும் நின்று வேலை செய்கிற உங்களுக்குப் பயிற்சி எதற்கு என்று தோன்றும். நிற்பது மூட்டில் பாரத்தை ஏற்றுகிறது, தசையை வளர்ப்பதில்லை. உடல் எடையில் சில கிலோ குறைந்தாலும் படியிறங்கும்போது வித்தியாசம் தெரியும்.

வலிக்குளிசை பற்றிய உங்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது. டைக்ளோஃபெனக், இபுபுரோஃபன் வகைக் குளிசைகள் நீரிழிவும் குருதி அமுக்கமும் உள்ளவர்களின் சிறுநீரகத்துக்குச் சுமை; சில அமுக்கக் குளிசைகளோடு சேரும்போது அந்தச் சுமை கூடும். உங்களுக்குத் தரப்பட்டது எந்த வகை, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் கடைசியாக எப்போது பார்க்கப்பட்டது, அதற்குப் பதில் பூசும் ஜெல் போதாதா என்று வைத்தியரிடம் நேராகவே கேளுங்கள். அங்குள்ள துரோகெரி என்னும் மருந்துச் சீட்டுத் தேவையில்லாத மருந்துக் கடைகளில் வால்வூர்ட்ஸ் என்ற மூலிகைக் களிம்பு கிடைக்கும்; மூட்டில் பூசுவதற்கு நல்லது. புண் உள்ள தோலில் பூசக் கூடாது, ஒருபோதும் உள்ளுக்கு எடுக்கவும் கூடாது. மனச்சோர்வுக்கென்று அதே கடைகளில் விற்கும் யொஹானிஸ்கிரவுட் என்ற மூலிகை பல குளிசைகளின் வேலையைக் குலைக்கக் கூடியது. கேட்காமல் வாங்க வேண்டாம்.

தம்பி அனுப்பும் பொதியைப் பிரித்துப் பார்ப்போம். எண்ணெயை நான் தடுக்க மாட்டேன். நொச்சி, ஆமணக்கு, வாதநாராயணி இலைகளின் சாறும் நல்லெண்ணெயும் சேர்த்து, அடியில் கிடக்கும் கற்கத்தை, அதாவது மூலிகை விழுதை, விரல்களுக்கிடையில் உருட்டினால் மெழுகு போலத் திரளும் பதத்தில் இறக்கிய தைலம், இளஞ்சூடாகத் தடவினால் விறைப்பைத் தளர்த்தும். ஆனால் உங்களைப் போன்ற நீரிழிவு நோயாளர்களுக்கு நான் எப்போதும் சொல்வது, ஒற்றடத்தில் கவனம் என்பதே. நீண்டகால நீரிழிவில் கால் நரம்புகளின் உணர்வு மங்கிவிடும். எருக்கிலையோ நொச்சியிலையோ வதக்கிக் கட்டும் சூடு அளவுக்கு மீறியிருந்தாலும் தெரியாது, காலையில் பார்க்கும்போது கொப்புளம் இருக்கும், அந்தக் கொப்புளம் புண்ணாகிக் கால் விரலையே கேட்கும். சூட்டை உங்கள் காலால் பார்க்காதீர்கள். வேறொருவர் தம் கையின் உட்புறத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

கசாயச் சரக்கில் கொத்தமல்லி, வேர்க்கொம்பு, மிளகு, சீரகம் மட்டும் இருந்தால் கவலைப்பட எதுவுமில்லை. அதிமதுரம் இருந்தால் எடுத்துவிடுங்கள்; தொடர்ந்து குடித்தால் உடலில் உப்பையும் நீரையும் தேக்கிப் பொட்டாசியத்தைக் குறைத்துக் குருதி அமுக்கத்தை ஏற்றும். சிறுகுறிஞ்சான், பாகல், வெந்தயம் ஆகியவை சீனியைக் குறைக்கக் கூடியவை என்பதால், வைத்தியருக்குத் தெரிந்தால் மட்டும், சீனியை அடிக்கடி பார்த்துக்கொண்டு எடுக்கலாம். சுவிஸ் சட்டப்படி ஒருவர் தம் சொந்தப் பாவனைக்கு ஏறத்தாழ ஒரு மாதத்துக்குத் தேவையான மருந்தையே தருவிக்கலாம். பச்சை இலை, கிழங்கு, வேர் என்பவற்றைத் தாவரச் சுகாதாரச் சான்றிதழ் இல்லாமல் அனுப்ப வேண்டாம் என்று தம்பியிடம் சொல்லுங்கள். அவர் வாங்கும் மருந்துச் சரக்குக் கடையில், ஒவ்வொரு சரக்கையும் தனித்தனியாகக் கட்டிப் பெயரெழுதித் தரும்படி கேட்டால் தருவார்கள். சேர்த்து இடித்த தூளாக வாங்கவே வேண்டாம்.

மகளின் விடயத்தில் மகிழ்ச்சியோடு பதில் எழுதுகிறேன். உள்ளி, மிளகு, வேர்க்கொம்பு, மஞ்சள், சீரகம், ஓமம் சேர்த்துப் பேற்றுக்குப் பின் நாங்கள் கொடுக்கும் சரக்கு, கறிக்குப் போடும் அளவில் இருக்கும் வரை, உணவுதான், கொடுங்கள். ஆனால் எங்கள் பக்கத்தில் இன்னும் சில வீடுகளில் பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீரைக் குறைக்கும் வழக்கம் இருக்கிறது. அதைச் செய்ய வேண்டாம். பாலூட்டும் தாய்க்கு நீர் மிகவும் வேண்டும், நீர் குறைந்தால் மலச்சிக்கலும் குருதி உறைவு அபாயமும் கூடும். பச்சைப்பிள்ளைக்கு வசம்போ வேறு உரைமருந்தோ தேனோ தொட்டு வைக்க வேண்டாம். சுவிஸில் பேற்றுக்குப் பின் முதல் 56 நாட்களுக்குள் மருத்துவிச்சி வீட்டுக்கே வந்து பார்ப்பார். முதற்பிள்ளையானால் பதினாறு தடவை வரை அடிப்படைக் காப்புறுதி ஏற்கும், அதில் மகள் எதுவும் செலுத்த வேண்டியதில்லை. சரக்கைப் பற்றி அந்த மருத்துவிச்சியிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள். பல நாட்டுத் தாய்மாரைப் பார்த்த அவர்களுக்கு இது புதிதாக இருக்காது.

கடைசியாக, ஆவணிப் பயணம். மெற்போமினையும் அமுக்கக் குளிசையையும் ஒரு நாளுக்குக்கூட விட்டுவிட்டு மருந்து எடுக்க வேண்டாம். உண்மையான பத்தியம் அதைக் கேட்பதும் இல்லை. அதோடு, ஸ்ரீரொய்ட் பற்றிய கேள்வி தீராமல் விமானம் ஏறாதீர்கள். அது தீர்ந்து நீங்கள் வந்தால், மூன்று நான்கு வாரங்களில் செய்யத் தகுந்தது புறமருந்துச் சிகிச்சை: தைலம், தொக்கணம் என்னும் உடல் பிடித்துவிடும் முறை, அளவான ஒற்றடம், அதோடு வீட்டில் தொடரக் கூடிய பயிற்சி. உள்மருந்து தேவையென்று தோன்றினாலும், உங்களைத் தொடர்ந்து பார்க்க முடியாத தூரத்திலிருக்கும் எந்த வைத்தியரும், நான் உட்பட, அதை நீண்ட காலத்துக்குக் கொடுத்தனுப்பக் கூடாது. எங்கள் மாவட்டத்தில் கிழக்கு மாகாண சுதேச மருத்துவத் திணைக்களத்தின் வைத்தியசாலைகள் இருக்கின்றன. தனியார் வைத்தியரிடம் போவதானால், 1961 ஆம் ஆண்டின் 31 ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டத்தின்படி ஆயுர்வேத மருத்துவ சபை வழங்கிய பதிவு அவரிடம் இருக்கிறதா என்று கேளுங்கள்; சித்தம், ஆயுர்வேதம், யுனானி, பரம்பரை வைத்தியம் எல்லாவற்றுக்கும் அதே சபையில்தான் பதிவு. முறிவு நெரிவு பார்க்கும் பரம்பரைப் பரியாரியார்கள் சிலர் அருமையான கைராசிக்காரர்கள். ஆனால் உங்களுக்கு இருப்பது முறிவல்ல, தேய்வு. அதை இழுத்து நிமிர்த்துவதற்கு எவருக்கும் கால் நீட்டிவிடாதீர்கள்.

வரும்போது மூன்று மாதச் சீனி, கிரியேட்டினின், கோர்ட்டிசோல், ஈயம் ஆகியவற்றின் அறிக்கைகளையும் குளிசைப் பெட்டிகளையும் கைப்பையில் எடுத்து வாருங்கள். இங்கு உங்களுக்குச் செய்யப்படும் சிகிச்சையையும் பூசப்படும் தைலத்தின் சரக்குகளையும், மூலிகைகளின் தாவரவியற் பெயரோடு, ஆங்கிலத்தில் எழுதித் தரும்படி வைத்தியரைக் கேளுங்கள். திரும்பிச் சென்றதும் அந்தத் தாளின் பிரதியொன்று பேர்ண் மாநிலத்தில் உங்கள் குடும்ப வைத்தியரின் கோவையில் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
சித்த மருத்துவர்,
மட்டக்களப்பு